பல் கூச்சத்துக்குக் கால்சியம் மாத்திரை போதுமா?

காரைக்குடி பக்கம் பல் மருத்துவம் பார்க்கிற எனக்குப் பழகிப்போன கேள்வி இது: "டாக்டர், பல்லு கூசுது, சொத்தையும் இருக்கு. கால்சியம் மாத்திரை எழுதித் தர்றீங்களா?" பேரனைக் கூட்டி வரும் ஆச்சிமார்கள்தான் அதிகம் கேட்கிறார்கள். பல் உருவாகிற வயதில் கால்சியமும் வைட்டமின் டி-யும் தேவைதான். ஆனால் விழுந்த சொத்தையை மாத்திரை அடைக்காது.

மேலே தெரிகிற எனாமல் கிட்டத்தட்ட முழுக்கத் தாது. அதற்கு அடியில் இருக்கும் டென்டினில் எடைக்குச் சுமார் 70 சதவீதம்தான் தாது. 20 சதவீதம் கரிமப் பொருள், மீதி நீர். அந்தக் கரிமப் பொருளில் பெரும்பகுதி கொலாஜன் என்ற புரதம். பல்லின் நடுவில் நரம்பும் ரத்தக்குழாயும் இருக்கும் மென்மையான உட்கூழை ஒட்டி வரிசையாக நிற்கும் ஓடோன்டோபிளாஸ்ட் செல்கள் முதலில் கொலாஜன் வலையைச் சுரக்கின்றன, தாது அப்புறம்தான் அதில் படிகிறது. அந்தப் படிவை ஒழுங்குபடுத்த டிஎஸ்பிபி, டிஎம்பி1 என்று வேறு புரதங்களும் உண்டு. டிஎஸ்பிபி மரபணுவில் பிழை இருந்தால் பற்கள் பழுப்பும் நீலமுமாக முளைத்துச் சீக்கிரம் தேய்ந்துவிடும். இது குடும்பத்தில் தொடர்ந்து வருவது. பெற்றோரின் கவனக்குறைவு இல்லை.

எனாமலை உண்டாக்கிய செல்கள் பல் முளைக்கும்போதே போய்விடுகின்றன. டென்டின் செல்கள் உள்ளே உயிரோடு இருக்கின்றன. இதுதான் எனக்கு மிகவும் பிடித்த விஷயம். சொத்தையின் அமிலம் டென்டினைக் கரைக்கும்போது, அது உருவான காலத்தில் உள்ளே அடைபட்ட டிஜிஎஃப்-பீட்டா போன்ற வளர்ச்சிப் புரதங்கள் வெளிவந்து செல்களைத் தூண்டுகின்றன. கூழின் பக்கமாகப் புது டென்டின் படிகிறது. சொத்தை மெதுவாக நகர்ந்தால் பல் இப்படிச் சமாளிக்கும். தினமும் அதிரசமும் கந்தரப்பமும் பல்லிடுக்கில் ஒட்டிக் கிடந்தால் சொத்தை முந்திக்கொள்ளும்.

ஆழமான சொத்தையில் கூழுக்குப் பக்கத்தில் இருக்கும், கொலாஜன் இன்னும் சிதையாத அடுக்கை நாங்கள் வேண்டுமென்றே விட்டுவைத்து, மேலே இறுக்கமாக அடைப்பது, உள்ளே இருக்கும் செல்கள் புது டென்டினைப் படியவைக்கும் என்பதால்தான். சுரண்டினால் கூழ் திறந்துவிடக்கூடும். "முழுசா எடுக்கலையே" என்று பயப்பட வேண்டாம். கால்சியம் ஹைட்ராக்சைடு, எம்டிஏ போன்ற மருந்துகளை அங்கே வைத்தால், அவையும் டென்டினில் அடைபட்ட வளர்ச்சிப் புரதங்களை விடுவித்துப் புது டென்டின் படிய உதவுகின்றன.

கூழ் உயிரோடு இருந்தால் மட்டுமே இதெல்லாம் நடக்கும். குளிர்ந்த தண்ணீர் பட்டுக் கூசி உடனே நின்றுவிட்டால் பெரும்பாலும் வாய்ப்பு இருக்கிறது. வலி நெடுநேரம் நீடித்தாலோ, ராத்திரி தூக்கத்தைக் கெடுத்தாலோ, அநேகமாக ரூட் கேனால்தான். கிராம்புத் தைலம் வைத்து நாளைத் தள்ளாமல், கூச்சத்தோடு இருக்கும்போதே வந்து காட்டுங்கள்.