கத்திக்கு முன்னே நீர்

கடலூர் முதுநகரிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். அவருடைய அப்பாவுக்கு இரைப்பையில் ஆரம்பநிலைப் புற்று. வயிற்றைத் திறக்க வேண்டாம், வாய்வழியாக எண்டோஸ்கோப் என்ற கேமராக் குழாயை விட்டு உள்ளேயே அறுத்து எடுத்துவிடலாம் என்று புதுச்சேரியில் டாக்டர் சொன்னாராம். வீட்டுப் பெரியவர்கள் "கத்தி பட்டா பரவிடும்" என்று தடுக்கிறார்கள். "அவ்வளவு மெல்லிசான பையில் கட்டியை மட்டும் எப்படி சார் அறுப்பாங்க? ஓட்டை விழுந்துடாதா?" என்று கேட்கிறார்.

பெரியவர்களின் பயத்துக்குக் காரணம் உண்டு. ஒரு காலத்தில் நோய் முற்றிய பிறகுதான் வயிற்றைத் திறந்தார்கள். அதற்குள் அது கல்லீரல்வரை போயிருக்கும். ஆபரேஷன் முடிந்து சில மாதங்களில் ஆள் போய்விட்டால், பழி கத்தியின் மேல் விழுந்தது. இந்த நம்பிக்கையால் ஆரம்பத்திலேயே வந்தவர்களும் திரும்பிப் போகிறார்கள் என்பதுதான் எனக்கு ஆற்றாமை. கவனிக்க வேண்டியது வேறொன்று: கட்டியைத் துண்டுதுண்டாக எடுத்தால் ஓரத்தில் மிச்சம் தங்கி, அதே இடத்தில் மறுபடி வளரலாம். அதனால், சுற்றிலும் கொஞ்சம் நல்ல திசுவோடு, ஒரே துண்டாக எடுக்க வேண்டும். இந்த ஒரு தேவைக்காகத்தான் கடந்த முப்பது, நாற்பது ஆண்டுகளில் இத்தனை கருவிகள் பிறந்தன.

இரைப்பைச் சுவரின் அடுக்குகள் பள்ளிப் பாடம்தான். உள்ளே சளிப்படலம், அதன் கீழே தளர்வான இணைப்புத் திசு, பிறகு தசை, வெளியே மெல்லிய உறை. எல்லாம் சேர்த்துச் சில மில்லிமீட்டர்தான். புற்று சளிப்படலத்தில் தொடங்குகிறது. அங்கேயே இருக்கும்வரை நிணநீர் முடிச்சுகளுக்குப் பரவும் வாய்ப்பு மிகக் குறைவு. ஆக, தசையைத் தொடாமல் மேலடுக்கை மட்டும் உரித்தெடுத்தால் போதும். ஆனால் மேலடுக்குக்கும் தசைக்கும் நடுவில் கத்தி நுழைய இடமே இல்லை.

அந்த இடத்தை உண்டாக்குவது நீர். எண்டோஸ்கோப்புக்குள்ளே ஏறத்தாழ 3 மில்லிமீட்டர் அகலத்தில் ஒரு பாதை இருக்கிறது. அதன் வழியே ஒரு மெல்லிய ஊசி போகும். கட்டியைச் சுற்றிப் புள்ளி வைத்துக்கொண்டு, அந்தத் தளர்வான அடுக்கில் திரவத்தை ஏற்றுகிறார்கள். சூடு பட்ட இடத்தில் தோலுக்கடியில் நீர் கோத்துக்கொண்டு கொப்புளம் எழும்புவதைப் போல, கட்டி இருக்கும் படலம் மட்டும் மேலே எழும்புகிறது. தசை கீழேயே தங்கிவிடுகிறது. ஒட்டிக் கிடந்த இரண்டு அடுக்குகளுக்கு நடுவே வேலை செய்ய இடம் கிடைத்துவிட்டது.

இந்த நீர் இன்னொரு வேலையும் செய்கிறது. புற்று ஆழமாக வேர்விட்டிருந்தால் படலம் கீழே உள்ள தசையோடு பிணைந்திருக்கும். எவ்வளவு ஏற்றினாலும் நடுவில் மட்டும் எழும்பாது, சுற்றியுள்ள பகுதிதான் உப்பும். 'இங்கே கைவைக்காதே' என்று அந்த இடமே சொல்லிவிடுகிறது. முன்பு பரிசோதனைக்குக் கிள்ளி எடுத்த பயாப்ஸியின் தழும்பும் இப்படி இழுத்துப் பிடிக்கலாம் என்பதால், மருத்துவர் இதை மட்டும் வைத்து முடிவெடுப்பதில்லை. ஆனாலும் ஒரு சிரிஞ்ச் திரவம் சிகிச்சையாகவும் சோதனையாகவும் ஒரே நேரத்தில் இயங்குவதை நினைத்தால் எனக்கு இன்றும் மனம் நிறைகிறது.

எந்த நீர்? உப்புநீர் சில நிமிடங்களிலேயே திசுவுக்குள் பரவி வடிந்துவிடும். உரித்தெடுக்கவோ மணிக்கணக்காகலாம். எனவே கிளிசரின் கலந்த திரவங்கள் வந்தன. பிறகு ஹயலூரோனிக் அமிலம் வந்தது. நம் மூட்டுகளிலும் கண்ணிலும் இயல்பாகவே இருக்கும் நீண்ட சங்கிலி மூலக்கூறு அது. தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும், எளிதில் விடாது. மேடு வெகுநேரம் நிற்கும்.

அந்தத் திரவத்தில் சில துளி நீலச் சாயமும் சேர்ப்பார்கள். பெயர் இண்டிகோ கார்மைன். அவுரிச் செடியின் நீலத்தைக் கந்தக அமிலத்தோடு சேர்த்து நீரில் கரையும்படி மாற்றினால் கிடைப்பது. 19-ஆம் நூற்றாண்டில் புதுச்சேரியிலிருந்து மேற்கு ஆப்பிரிக்காவுக்குக் கப்பல் கப்பலாகப் போன நீலத்துணிக்கு நிறம் தந்த அதே அவுரி நீலம்! இன்று தொழிற்சாலையில் செயற்கையாகச் செய்கிறார்கள், அது வேறு. நடு அடுக்கு நீலமாகிவிட்டால், எங்கே அறுக்கலாம் என்பதில் குழப்பமில்லை. நீலம் தெரியும்வரை அறுக்கலாம். வெளிறிய தசை தெரிந்தால் நிறுத்த வேண்டும். குறுக்கே ஓடும் ரத்தக்குழாய்களும் அந்த நீலத்தில் பளிச்சென்று தெரியும். அவற்றை முன்கூட்டியே சுட்டு அடைத்துவிடலாம்.

கத்திக்கு வருவோம். இது மின்சாரக் கத்தி. 1926-இல் பாஸ்டனில் ஹார்வி குஷிங் என்ற மூளை அறுவை நிபுணர், வில்லியம் போவி செய்து தந்த கருவியால் முதன்முதலில் கட்டி அறுத்தார். அடிப்படை இன்றும் அதுதான். வினாடிக்கு லட்சக்கணக்கான முறை திசை மாறும் மின்னோட்டத்துக்கு நரம்பும் தசையும் துடிப்பதில்லை. கம்பி நுனியில் மின்னோட்டம் குவிவதால் அங்கே செல்களின் நீர் கொதித்துத் திசு பிளக்கிறது. தொடையில் ஒட்டும் அகலமான பட்டையில் அதே மின்னோட்டம் பரவிவிடுவதால் அங்கே சுடுவதில்லை.

சிக்கல் என்னவென்றால், கூரிய நுனி தசையைத் துளைத்துவிடும். 1990-களில் ஜப்பானியர் அந்த நுனியில் ஒரு சின்ன பீங்கான் உருண்டையை மாட்டினார்கள். பீங்கானில் மின்சாரம் பாயாது. நுனி தசையில் பட்டாலும் வெட்டாது, பக்கவாட்டில் உள்ள கம்பிதான் வெட்டும். வாசகியின் ஓட்டைப் பயத்துக்கு, நீரோடு சேர்த்து, இந்த உருண்டைதான் பதில். ஓட்டை விழவே விழாது என்று சொல்லமாட்டேன். சில நேரம் விழும். பெரும்பாலும் அதே எண்டோஸ்கோப் வழியே கிளிப் போட்டு மூடிவிடுவார்கள்.

எடுத்த துண்டை விரித்துப் பலகையில் ஊசி குத்தி நோயியல் பிரிவுக்கு அனுப்புவார்கள். 2 மில்லிமீட்டர் இடைவெளியில் நறுக்கி, ஓரம் சுத்தமா, எவ்வளவு ஆழம் என்று பார்ப்பார்கள். இரைப்பையில் புற்று படலத்தைத் தாண்டி அரை மில்லிமீட்டருக்குமேல் இறங்கியிருந்தால் பொதுவாக வயிற்றைத் திறந்து செய்யும் ஆபரேஷன் வேண்டும். அந்த ரிப்போர்ட்டை வாங்காமல் வீட்டுக்குப் போகாதீர்கள். இதைச் செய்பவருக்கு நீண்ட பயிற்சி தேவை. "நீங்கள் எத்தனை பேருக்குச் செய்திருக்கிறீர்கள்?" என்று கேட்பது மரியாதைக் குறைவல்ல.

இவ்வளவு எளிய பொருட்கள்: கம்பி, பீங்கான், சாயம், பசைநீர். ஆனாலும் நம் மருத்துவக் கருவிகளில் பெரும்பகுதி இன்னும் இறக்குமதிதான். முடியாதென்று இல்லை. திருவனந்தபுரம் ஸ்ரீசித்திரா நிறுவனத்தில் இதய அறுவை நிபுணர் வலியத்தானின் குழு செய்த இதய வால்வின் முதல் மாதிரிகள் தோற்றன. நிதி நிற்கவில்லை, மாற்றிச் செய்தார்கள், 1990 டிசம்பரில் முதல் நோயாளிக்குப் பொருத்தினார்கள். தோற்ற மாதிரிக்கும் பணம் தருகிற பொறுமைதான் கருவி ஆய்வுக்கு வேண்டும். மூன்றாண்டுத் திட்டத்தின் முடிவில் கட்டுரை எங்கே என்று மட்டும் கேட்டால் கருவி வராது.

புதுச்சேரி கோரிமேட்டில் ஜிப்மர் மருத்துவமனை இருக்கிறது, அதில் வட்டாரப் புற்றுநோய் மையமும் இருக்கிறது. காலாப்பட்டுப் பக்கம் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம். ஒரே ஊர். கத்தியைக்கூட விடுங்கள், திரவத்திலிருந்து தொடங்கலாம். வெகுநேரம் மேடாக நிற்க வேண்டும், மெல்லிய ஊசியில் தடையின்றி இறங்க வேண்டும், மின்சூட்டில் கருகிப் புகையக்கூடாது, நோயியல் பரிசோதனையைக் கெடுக்கக்கூடாது, அரசு மருத்துவமனைக்குக் கட்டுப்படியாகும் விலையில் இருக்க வேண்டும். பாலிமர் வேதியியல் படிக்கும் ஒரு மாணவி, எண்டோஸ்கோபி அறையில் நின்று பார்த்துவிட்டு, நாளையே எடுத்துக்கொள்ளக்கூடிய ஆய்வுத் தலைப்பு இது.