ஹீலியம் எந்த நாளில் கண்டுபிடிக்கப்பட்டது?

அறிவியல் நாட்காட்டிகளில் ஆகஸ்ட் 18-க்கு நேரே பெரும்பாலும் இப்படி ஒரு குறிப்பு இருக்கும்: 1868-இல் முழுச் சூரிய கிரகணத்தின்போது குண்டூரில் பிரெஞ்சு வானியலாளர் பியர் ழான்சென் ஹீலியத்தைக் கண்டுபிடித்தார். கொண்டாட வேண்டிய நாள்தான், ஐயமில்லை. ஆனால் ழான்சென் அங்கே சாதித்தது வேறொன்று. என்னைக் கேட்டால், அது ஒரு தனிமத்தைக் கண்டுபிடிப்பதைவிடப் பெரிது.

ஒளியை மெல்லிய பிளவு வழியே செலுத்தி முப்பட்டகத்தில் விரித்தால் நிறமாலை கிடைக்கிறது. சூடான வாயு ஒவ்வொன்றும் தனக்கே உரிய சில நிறங்களில் மட்டும் ஒளிர்வதால், அதன் நிறமாலையில் தனித்தனிக் கோடுகள் தெரியும். அதே வாயு பின்னாலிருந்து வரும் வெள்ளொளியை மறித்து நின்றால், அதே இடங்களில் கருங்கோடுகள் விழும். ஜெர்மனியின் ஹைடல்பெர்க்கில் இயற்பியலாளர் கிர்க்காஃபும் வேதியியலாளர் புன்சனும் 1859, 1860-ஆம் ஆண்டுகளில் இதை நிறுவிய பிறகு, கைக்கெட்டாத சூரியனில் என்னென்ன இருக்கின்றன என்று படிக்க முடிந்தது.

ஒரு புதிர் மட்டும் எஞ்சியது. முழுக் கிரகணத்தின்போது நிலவின் விளிம்பைத் தாண்டித் தெரியும் செந்நிறத் தீநாக்குகள் எவற்றால் ஆனவை? அதற்கு விடை தேடித்தான் 1868-இல் பல குழுக்கள் இந்தியாவுக்கு வந்தன. ழான்சென் குண்டூரில் ஒரு பிரெஞ்சு வணிகரின் வீட்டில் கருவிகளை நிறுத்தினார். சென்னை வானாய்வகத்தின் தலைவர் நார்மன் போக்சன் மசூலிப்பட்டினத்துக்குப் போனார். அவருடைய உதவியாளர் சிந்தாமணி ரகுநாதாச்சாரி வனபர்த்தியில் ஒரு குழுவை நடத்தினார். பார்த்தவர்களுக்கு விடை உடனே கிடைத்தது: நிறமாலையில் பளிச்சிடும் கோடுகள் தெரிந்தன. ஆகவே தீநாக்குகள் சூடான வாயு, அதிலும் முக்கியமாக ஹைட்ரஜன்.

அந்தக் கோடுகளின் பிரகாசத்தைக் கண்ட ழான்செனுக்கு, கிரகணம் இல்லாமலேயே இவற்றைப் பார்க்கலாமே என்று தோன்றியது. மேகம் சூழ்ந்ததால் அன்று முடியவில்லை. மறுநாள் காலை, ஆகஸ்ட் 19 அன்று, வெறும் பகலில் பார்த்துவிட்டார்.

எப்படி? தீநாக்குகளைப் பகலில் மறைப்பது வளிமண்டலம் சிதறடிக்கும் வெயில். அந்த வெயிலில் எல்லா நிறங்களும் கலந்திருக்கின்றன. தீநாக்கின் ஒளியோ சில நிறங்களில் மட்டும் குவிந்திருக்கிறது. ஒரு வாளிச் சுண்ணாம்பைக் குட்டிச்சுவரில் அடித்தால் பளிச்சென்று இருக்கும். நெடிய மதில் முழுவதும் இழுத்து அடித்தால் மங்கிவிடும். நிறமாலையை அகலமாக விரிக்க விரிக்க வெயிலும் அப்படித்தான் மங்குகிறது. கோட்டின் ஒளிக்கு விரிய வேறு நிறம் இல்லாததால், அது மங்காமல் நிற்கிறது. பிளவைச் சூரியனின் விளிம்பை ஒட்டி நகர்த்திக்கொண்டே போனால் தீநாக்கின் வடிவத்தையே வரைந்துவிடலாம். சில நிமிடங்களே நீடிக்கும் கிரகணத்துக்காகக் கடல் தாண்டி வந்தவர், அடுத்த இரண்டு வாரங்களுக்கும் மேலாகத் தீநாக்குகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்! பின்னாளில் கொடைக்கானல் உட்படப் பல வானாய்வகங்கள் ஒற்றை நிறத்தில் சூரியனைப் படமெடுத்த கருவிக்கும் இந்த உத்திதான் அடிப்படை.

இங்கிலாந்தில் வானியலாளர் நார்மன் லாக்கியர் இதே யோசனையோடு புதிய கருவிக்காகக் காத்திருந்தார். அக்டோபர் 20 அன்று அவரும் வெற்றி பெற்றார். இருவர் கடிதங்களும் பாரிஸ் அறிவியல் கழகத்தின் ஒரே கூட்டத்தில் வாசிக்கப்பட்டன. இருவர் முகங்களையும் பொறித்துப் பின்னர் பதக்கமே வெளியிட்டார்கள்.

ஹீலியம் வருவது இங்கேதான். கிரகணத்தன்று தெரிந்த கோடுகளில் ஒன்று மஞ்சள். மற்றவர்கள் அதைச் சோடியம் என்று எடுத்துக்கொண்டபோது, போக்சன் சோடியத்தின் இடத்திலோ அதற்கு அருகிலோ இருப்பதாகக் கவனமாகக் குறித்தார். அந்த 'அருகில்' மிகவும் மதிப்புள்ளது. ஆனால் சென்னையில் அச்சான அவருடைய அறிக்கை ஐரோப்பாவில் அதிகம் படிக்கப்படவில்லை. எனக்கு இன்றும் வருத்தம் தரும் செய்தி இது. லாக்கியர்தான் கோட்டின் இடத்தை நிதானமாக அளந்தார். சோடியக் கோடுகள் 589.0, 589.6 நானோமீட்டரில் இருக்கின்றன, இதுவோ 587.6. வேதியியலாளர் ஃபிராங்க்லண்டுடன் சேர்ந்து ஹைட்ரஜனில் இதை வரவழைக்க முயன்றார், வரவில்லை. சூரியனின் கிரேக்கப் பெயரால் ஹீலியம் என்ற பெயர் 1871-க்குள் புழங்கத் தொடங்கியது.

சூரியனின் நிறையில் ஏறத்தாழக் கால் பங்கு ஹீலியம். அப்படியிருந்தும் சாதாரணச் சூரிய ஒளியில் அதன் கருங்கோடு ஏன் தெரிவதில்லை? சோடிய அணு, தன் இயல்பான நிலையிலேயே மஞ்சள் ஒளியை விழுங்கும். ஹீலியத்தின் எலக்ட்ரான் இந்த மஞ்சளை விழுங்க வேண்டுமானால், முதலில் சுமார் 21 எலக்ட்ரான்வோல்ட் (அணு அளவிலான ஆற்றலின் அலகு) ஆற்றல் பெற்று உயர்ந்த படிக்கு ஏறியிருக்க வேண்டும். 5,500 டிகிரி செல்சியஸ் வெப்பமுள்ள சூரியப் பரப்பில் அத்தனை ஆற்றல் கிடைப்பது அரிது. அதற்கு மேலே உள்ள மெல்லிய அடுக்கிலும் தீநாக்குகளிலும் நிலைமை வேறு. இன்னும் உயரத்திலுள்ள கொரோனா என்ற சூரியனின் வெளி வளிமண்டலத்திலிருந்து வரும் புற ஊதாக் கதிர்கள் ஹீலியத்திலிருந்து எலக்ட்ரானைப் பிய்த்தெறிகின்றன. அது திரும்ப வந்து படிப்படியாக இறங்கும்போது, ஒரு படியில் இந்த மஞ்சள் ஒளி பிறக்கிறது. எனவே சூரியனின் விளிம்பைத் தனியாகப் பார்க்கத் தெரிந்தவர்களுக்குத்தான் ஹீலியம் அகப்பட்டது.

ஒரே ஒரு கோட்டை நம்பிப் புதிய தனிமம் என்பதா என்று வேதியியலாளர்கள் பலர் தயங்கினார்கள். அந்தத் தயக்கம் நியாயமானது. 1895 மார்ச்சில் லண்டனில் வேதியியலாளர் வில்லியம் ராம்சே, கிளீவைட் என்ற யுரேனியக் கனிமத்தை அமிலத்தில் இட்டு, வெளிவந்த வாயுவில் ஆர்கான் என்ற மந்த வாயுவைத் தேடினார். மஞ்சள் கோடு தெரிந்தது. சரிபார்க்க லாக்கியருக்கும் மாதிரி அனுப்பினார். அதே ஆண்டில் ஸ்வீடனின் உப்சாலாவில் வேதியியலாளர்கள் கிளீவும் லாங்லெட்டும் தனியாக இந்த வாயுவைப் பிரித்து, அதன் அணு எடையை அளந்தார்கள்.