கரிச்சானின் பொய்க்கூப்பாடு

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், சாட்ஸ்வொர்த்தில் எங்கள் வீட்டுப் பின்பக்கம் புல் வெட்டினால் மைனாக்களுக்குக் கொண்டாட்டம். போன சனிக்கிழமை ஒரு மைனா கொழுத்த வெட்டுக்கிளியைக் கவ்வித் தரையில் அடித்துக்கொண்டிருந்தது. துணிக்கொடியில் ஒரு கரிச்சான், பிளந்த வாலைத் தொங்கவிட்டுக்கொண்டு. திடீரென்று பருந்தைக் கண்டதுபோல ஓர் அலறல். மைனாக்கள் விர்ரென்று மாமரத்துக்குள் பாய்ந்தன. கரிச்சான் நிதானமாக இறங்கி வெட்டுக்கிளியை எடுத்துக்கொண்டது. வானத்தில் காக்கைகூட இல்லை.

மைனாவும் நம்மைப்போலக் கடல் தாண்டி வந்ததுதான். நம்மவர்கள் கரும்புத் தோட்டத்துக்கு 1860-இல் வந்தார்கள். கூண்டிலிருந்து தப்பிய மைனாக்கள் 1902 வாக்கில் இங்கே பெருகத் தொடங்கின. கரிச்சானோ உள்ளூர்க்காரன்.

இந்தத் திருட்டை ஆண்டுக்கணக்கில் கூடவே நடந்து கவனித்தவர் டாம் ஃபிளவர் என்ற ஆய்வாளர். இடம் தெற்கு ஆப்பிரிக்காவின் கலஹாரிப் பாலைவனம். அங்கே கரிச்சானிடம் ஏமாறுகிறவை கீரி இனத்தைச் சேர்ந்த மீர்கட்டுகளும், நம் தவிட்டுக்குருவிக்கு உறவான கறுப்பு வெள்ளைச் சிலம்பன்களும். 2014-இல் வெளிவந்த முடிவுகளின்படி கரிச்சானின் இரையில் சுமார் 23 சதவீதம் களவு.

ஆனால் ஒரு சிக்கல் உண்டு. 'புலி வருது' கதைதான். ஒரே பொய்யைத் திரும்பத் திரும்பச் சொன்னால் யார் நம்புவார்கள்? சிலம்பன்களுக்கு ஒரே எச்சரிக்கைக் குரலை ஒலிப்பதிவில் மூன்று முறை போட்டுக் காட்டியபோது, மூன்றாம் முறை அவை அவ்வளவாக அசையவில்லை. மூன்றாவதாக வேறு குரலைப் போட்டால் மறுபடி பதறின. கரிச்சானுக்கும் இது தெரிந்திருக்கிறது. ஒரு குரல் பலிக்கவில்லையென்றால் அடுத்த முறை குரலை மாற்றுகிறது. கலஹாரிக் கரிச்சான்களிடம் 51 வகை எச்சரிக்கைக் குரல்கள் பதிவாயின. பெரும்பாலானவை பிற பறவை, விலங்குகளிடம் இரவல் வாங்கியவை. ஏமாறுகிறவரின் சொந்தக் குரலிலேயே கத்தினால் இன்னும் நன்றாகப் பலிக்கும்.

அப்படியென்றால் அடுத்தவர் மனத்தைப் படிக்கிறதா? அவ்வளவு தூரம் போகத் தேவையில்லை என்பது என் எண்ணம். பள்ளிக்கு மட்டம் போட நினைக்கும் எங்கள் வீட்டுப் பையன், வயிற்றுவலி எடுபடாத அன்று தலைவலி என்பான். அம்மாவின் மனத்தை அவன் ஆராய்வதில்லை; எது எடுபட்டது, எது எடுபடவில்லை என்ற நினைவு போதும். பறவைக்கும் அதுவே போதும்.

இவ்வளவு ஏமாந்தும் சிலம்பன்கள் ஏன் அதை விரட்டுவதில்லை? பெரிய கூட்டமாக இருந்தால் விரட்டவும் செய்கின்றன. காவலுக்கு ஆள் போதாத சின்னக் கூட்டம்தான் பொறுத்துப்போகிறது. ஏனென்றால் கரிச்சான் பல நேரம் உண்மையும் சொல்கிறது. உண்மையிலேயே பருந்து வரும்போது முதலில் கத்துவதும் அதுதான். காவல்காரனுக்குக் கூலி கொடுப்பதுபோல அவ்வப்போது ஒரு புழு போகிறது.

இந்தச் சனிக்கிழமையும் புல் வெட்டினேன். கரிச்சான் அதே பழைய அலறலைப் போட்டது. மைனாக்கள் தலையை நிமிர்த்திப் பார்த்துவிட்டு மறுபடி மேயத் தொடங்கின. கொஞ்ச நேரம் சும்மா இருந்தது. பிறகு கொடியிலிருந்து அப்படியே ஒரு மைனாவின் கத்தல்.