'மத்த விஷயம்' பற்றி நாம்தான் முதலில் கேட்க வேண்டும்

தண்டுவடத்தில் அடிபட்டவர்களுக்கான மறுவாழ்வு மருத்துவத்தில் இருக்கிறேன். சிறுநீர், மலம், படுக்கைப்புண், சக்கர நாற்காலி என்று எல்லாவற்றையும் முதல் வாரத்திலேயே பேசிவிடுவோம். டிஸ்சார்ஜ் அன்றுதான், கூட இருப்பவர்கள் மருந்து வாங்கப் போன நேரம் பார்த்து, "சார், மத்த விஷயம்..." என்று இழுப்பார்கள். தாம்பத்திய உறவைத்தான் சொல்கிறார்கள்.

சாரத்திலிருந்து விழுந்த 29 வயதுக்காரர் ஒருவர் அதைக்கூடக் கேட்கவில்லை. எட்டு மாதம் கழித்து வந்தபோது, "அவளை அம்மா வீட்டுக்கே போகச் சொல்லிட்டேன் சார். அவளாவது நல்லா இருக்கட்டும்" என்றார். அவருக்கு வழி இருந்தது. நான் அதைச் சொல்லாமல் விட்டது இன்றும் உறுத்துகிறது.

அவரை நினைக்கும்போதெல்லாம் 2012-ல் வந்த 'தி செஷன்ஸ்' படமும் நினைவுக்கு வரும். அமெரிக்காவின் பெர்க்லியில் வாழ்ந்த கவிஞர், பத்திரிகையாளர் மார்க் ஓ'பிரையனின் உண்மைக் கதை அது. 1955-ல், ஆறு வயதில் போலியோ தாக்கியது. கழுத்துக்குக் கீழே அசைவு அநேகமாக இல்லை. தலை மட்டும் வெளியே தெரிய, உடல் முழுவதும் இரும்பு நுரையீரலுக்குள். உள்ளே காற்றழுத்தத்தைக் குறைத்துக் குறைத்து அந்த உருளைதான் மார்பை விரியச் செய்யும். வாயில் குச்சியைக் கவ்வித் தட்டச்சு செய்தார். 38 வயதில், உடலுறவு பற்றிக் கற்றுத்தரும் பெண் சிகிச்சையாளர் ஒருவரை நாடுகிறார். அதிகபட்சம் ஆறு அமர்வுகள் என்பது ஒப்பந்தம்.

போலியோ தசையை இயக்கும் நரம்பணுக்களைத்தான் அழிக்கும். தொடு உணர்வை அல்ல. அசையாத உடலுக்கு எல்லாமே தெரிகிறது. குளிப்பாட்டும் கை, உடை மாற்றும் கை, எல்லாம். ஆசையோடு தொடும் கை மட்டும் இல்லை. படம் இதை எந்த விளக்கமும் இல்லாமல் புரியவைத்துவிடுகிறது.

முதல் அமர்வு சீக்கிரமே முடிந்துபோகிறது. அவர் கூசிக் குறுகுகிறார். அந்தப் பெண்ணோ பதறவும் இல்லை, பரிதாபப்படவும் இல்லை. கத்தோலிக்கரான மார்க், இது பாவமா என்று பாதிரியாரிடம் போய்க் கேட்கும் காட்சியில் நான் வாய்விட்டுச் சிரித்தேன். அவரைப் பார்த்து அல்ல, அவரோடு சேர்ந்து. படத்தில் நகைச்சுவையின் கடிவாளம் பெரும்பாலும் அவர் கையில்தான். இயக்குநர் பென் லெவினும் சிறுவயதில் போலியோவால் பாதிக்கப்பட்டவர். இந்தத் தொனி அங்கிருந்து வந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

கட்டணம் வாங்கிக்கொண்டு தரப்படும் அந்தச் சிகிச்சை முறையை நான் பரிந்துரைக்கவில்லை. ஆனால் படம் திறந்துவிடும் பேச்சு நம் வார்டுகளுக்கும் தேவை.

தண்டுவடக் காயத்தில் நிலைமை வேறு. பலருக்கு உணர்வும் குறையும். ஆனாலும் தண்டுவடத்தின் கீழ்நுனி நரம்புகள் பிழைத்திருந்தால், தொடும்போது விறைப்பு வரலாம். மாத்திரைகள் உதவும். இதயத்துக்கு நைட்ரேட் மருந்து எடுப்பவர்கள் மட்டும் அவற்றைத் தொடவே கூடாது. உறவுக்கு முன் சிறுநீர்ப்பையைக் காலி செய்துகொள்வது நல்லது. மார்பின் மேற்பகுதியிலோ கழுத்திலோ அடிபட்டவருக்கு உறவின்போது தலை விண்ணென்று வலித்து வியர்த்தால், ரத்த அழுத்தம் எகிறுகிறது என்று பொருள். உடனே நிறுத்தி நிமிர்த்தி உட்கார வையுங்கள், அடங்காவிட்டால் மருத்துவமனைதான்.

பெண்களிடம் இதைக் கேட்பவர்கள் இன்னும் குறைவு. அடிபட்ட பின் சில மாதம் நின்ற மாதவிலக்கு பெரும்பாலும் திரும்பும், கருத்தரிக்கவும் முடியும். கருத்தடை பற்றிய பேச்சும் அதனால் அவசியம். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016, பிரிவு 10 இந்தத் தகவல்களை உரிமையாகவே தருகிறது.

அந்த 29 வயதுக்காரர் அடுத்த முறை மனைவியோடு வந்தார். கேள்விகளைக் கேட்டது அந்த அம்மாதான். ஒரு நோட்டில் பதினொன்று எழுதி வைத்திருந்தார்.