காமா கதிர் வெடிப்புக்கு யாராலும் நாள் குறிக்க முடியாது

'இன்று இரவு பூமியைக் காமா கதிர் தாக்கப் போகிறது, போனை அணைத்துத் தள்ளி வையுங்கள், நாசா எச்சரிக்கை.' வானியல் பற்றிப் பேசப் போகிற இடங்களில் இப்படியொரு வாட்ஸ்அப் செய்தியை யாராவது என்னிடம் காட்டிவிடுகிறார்கள். உண்மையிலேயே பயந்துபோய்க் கேட்கிறார்கள்.

சூரியப் புயலுக்கு முன்னறிவிப்பு உண்டு. சூரியன் உமிழும் பொருள் இங்கு வந்துசேரப் பொதுவாக ஒன்றிரண்டு நாள் ஆகும், அதற்குள் சொல்லிவிடலாம். காமா கதிர் வெடிப்பு வேறு: எங்கோ தொலைவில் விண்மீன்கள் மோதும்போதோ இடியும்போதோ கிளம்புவது. காமா கதிர் என்பது மிக அதிக ஆற்றல் கொண்ட ஒளிதான், ஒளியின் வேகத்திலேயே வருகிறது. அதைவிட வேகமாக வந்து சேதி சொல்ல எதுவும் இல்லை. பெரும்பாலும் கதிர் செயற்கைக்கோளைத் தொடும்போதுதான் எங்களுக்கே தெரியும்.

2017 ஆகஸ்ட் 17 அன்று நடந்ததைப் பாருங்கள். இரண்டு நியூட்ரான் விண்மீன்கள். செத்துப்போன பெரிய விண்மீன்களின் மிச்சம் இவை. சூரியனைவிட அதிக நிறை சுமார் 20 கிலோமீட்டர் உருண்டைக்குள் அடங்கியிருக்கும். ஒன்றையொன்று சுற்றி நெருங்கியபோது எழுந்த ஈர்ப்பலை (வெளியையே நெளியவைத்துப் பரவும் அலை), அதைப் பதியும் அமெரிக்காவின் லைகோ கருவிகளில் சுமார் 100 விநாடி பதிவானது. இரண்டும் மோதின. 1.7 விநாடி கழித்து, காமா கதிரைக் கவனிக்கும் ஃபெர்மி செயற்கைக்கோளில் ஒரு குறுகிய காமா துடிப்பு. லைகோ போன்றதே ஆன இத்தாலியின் விர்கோ கருவியில் ஏறக்குறைய ஒன்றுமே பதியவில்லை. அதுவே பெரிய துப்பாக அமைந்தது: மோதல் விர்கோவால் பார்க்க முடியாத திசையில்தான் நடந்திருக்க வேண்டும்! தேட வேண்டிய வானம் சுருங்கியது. சுமார் 11 மணி நேரத்தில் சிலியிலிருந்த ஸ்வோப் தொலைநோக்கி, 13 கோடி ஒளியாண்டு தொலைவிலுள்ள என்ஜிசி 4993 விண்மீன் மண்டலத்தில் புதிய ஒளிப்புள்ளியைக் கண்டுபிடித்தது. முதலில் நீலமாக இருந்தது, சில நாளில் சிவந்தது. தங்கம், பிளாட்டினம் போன்ற கனமான தனிமங்கள் இத்தகைய சிதறலில் உருவாகின்றன என்பதற்கு அந்த நிறமாற்றம் வலுவான சான்று. நம் வானியல் செயற்கைக்கோள் ஆஸ்ட்ரோசாட்டுக்கு அந்தத் திசையைப் பூமியே மறைத்துவிட்டது, பெரிய ஏமாற்றம்தான். அப்புறம் புனே அருகிலுள்ள ஜிஎம்ஆர்டி தொலைநோக்கி, ரேடியோ அலைகளில் அதைத் தொடர்ந்து கவனித்தது.

சில விநாடிகளுக்கு மேல் நீடிக்கும் வெடிப்புகள் பெரும்பாலும் வேறு வகை. பெருநிறை விண்மீனின் மையம் இடிந்து கருந்துளையாகும்போது அவை பிறக்கின்றன. 2022 அக்டோபர் 9 அன்று வந்ததுதான் இதுவரை பதிவானவற்றில் மிகப் பிரகாசமானது. சுமார் 200 கோடி ஒளியாண்டுக்கு அப்பாலிருந்து வந்தும் நம் வளிமண்டலத்தின் மேலே மின்னேற்றம் கொண்ட அடுக்கான அயனி மண்டலத்தைச் சற்றே அசைத்தது. தரையில் யாருக்கும் எதுவும் ஆகவில்லை. காமா கதிரைக் காற்று தடுத்துவிடுகிறது. போனை அணைப்பதால் எந்தப் பயனும் இல்லை.

'திருவாதிரை வெடித்தால்?' என்பார்கள். 2019 இறுதியில் அந்த விண்மீன் மங்கியபோது இந்தப் பேச்சு பலமாக இருந்தது. மங்கலுக்குக் காரணம் அது கக்கிய தூசு. என்றாவது வெடிக்கும்தான், ஆனால் 500 ஒளியாண்டுக்கும் மேல் தள்ளி இருக்கிறது. காமா வெடிப்பாகவும் மாறாது: மேலுறையை உதிர்த்துவிட்ட விண்மீன்களில்தான் இடியும் மையத்திலிருந்து பீறிடும் கதிர்த்தாரை வெளியே வர முடிகிறது. திருவாதிரையின் ஹைட்ரஜன் உறையோ மிகப் பெரியது, தாரை அதற்குள்ளேயே அடங்கிவிடும்.