பல்லில் எரியும் சிவப்பு விளக்கு

"2025 மகளிர் ரக்பி உலகக் கோப்பையில், மோதி எழுந்த வீராங்கனையின் வாய்க்குள் சிவப்பு விளக்கு மின்னியதே, அது என்ன?" என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். அது பல்லில் மாட்டும் மவுத்கார்டு. உள்ளே முடுக்கத்தை அளக்கும் சில்லு இருக்கிறது. மேல்வரிசைப் பற்கள் மண்டையோட்டில் பதிந்தவை. அதனால் தலை குலுங்கிய குலுங்கல் அப்படியே பதிவாகும். அளவு மீறினால் விளக்கு எரியும், ஆட்டக்காரர் வெளியே வந்து, மூளையதிர்ச்சி உண்டா என்று பார்க்கும் 12 நிமிடப் பரிசோதனைக்குப் போக வேண்டும்.

அந்த அளவு ஆண்களுக்கு 75 ஜி, பெண்களுக்கு 65 ஜி. ஜி என்றால் பள்ளியில் படித்த புவியீர்ப்பு முடுக்கம், அதே 9.8 தான். பெண்களுக்கு ஏன் குறைவு? கழுத்துத் தசையின் வலு ஒரு காரணம். கீழே விழும்போது தலையைப் பிடித்து நிறுத்த அதுதான் உதவ வேண்டும். பெண்களின் தலை தரையில் போய் அடிப்பது அதிகம் என்று வேல்ஸில் உள்ள ஸ்வான்சி பல்கலைக்கழக ஆய்வு சொல்கிறது. பலர் ரக்பிக்குத் தாமதமாக வருகிறார்கள், சிறுவயதிலேயே விழக் கற்றுக்கொள்ளும் வாய்ப்பு அவர்களுக்குக் கிடைப்பதில்லை.

சரி, அடி விழுந்தபின் மூளைக்குள் என்ன நடக்கிறது? மூளையை அமுக்கிச் சுருக்குவது கடினம், ஆனால் முறுக்கினால் எளிதில் உருக்குலையும். தலை சட்டென்று திரும்பும்போது நரம்பு செல்களின் நீண்ட இழைகளான ஆக்ஸான்கள் இழுபடுகின்றன. ஒவ்வோர் ஆக்ஸானுக்குள்ளும் 25 நானோமீட்டர் தடிமனில் நுண்குழல்கள் ஓடும். செல்லுக்கு வேண்டிய சரக்கெல்லாம் இவற்றின் மேல்தான் போகிறது. இந்தக் குழல்களை ஒன்றோடொன்று இணைத்துப் பிடித்திருப்பது டாவ் என்ற புரதம். அதன் குணம் விசித்திரமானது. பரோட்டா மாவை மெல்ல இழுத்தால் நீளும், வெடுக்கென்று இழுத்தால் அறுந்துபோகும் அல்லவா? டாவும் அப்படித்தான். நாம் மெல்லத் தலையைத் திருப்பும்போது அது நெகிழ்ந்து குழல்களை வழுக்க விடுகிறது. கண்ணிமைக்கும் நேரத்தில் இழுத்தால் விறைத்துக்கொள்கிறது, குழல்கள் முறிகின்றன. முறிந்த இடத்தில் சரக்கு தேங்கி ஆக்ஸான் வீங்குகிறது.

பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் டக்ளஸ் ஸ்மித் குழுவினர் எலியின் நரம்பு செல்களையும், மனித ஸ்டெம் செல்லிலிருந்து வந்த நரம்பு செல்களையும் ஆய்வகத்தில் வளர்த்தார்கள். பெண் செல்களின் ஆக்ஸான்கள் மெலிந்திருந்தன, நுண்குழல்களும் குறைவு. ஆண், பெண் இரண்டுக்கும் ஒரே அளவு இழுப்புக் கொடுத்தார்கள். 24 மணி நேரம் கழித்துப் பார்த்தால் பெண் ஆக்ஸான்களில்தான் வீக்கம் அதிகம். குழல்கள் குறைவு என்பதால், சில முறிந்தாலே போக்குவரத்து நின்றுவிடுகிறது. கிண்ணத்தில் கண்டது மைதானத்தில் அப்படியே நடக்கும் என்று சொல்லிவிட முடியாது. ஆனால் கழுத்துக்கும் ஹார்மோனுக்கும் அப்பால் தேட வேண்டியது இருக்கிறது என்று காட்டியது இந்தச் சோதனை.

இந்த முடிவு 2018-இல்தான் வெளியானது என்பதுதான் எனக்கு எரிச்சல். அடிபட்ட மூளை பற்றிய ஆராய்ச்சியில் பெரும்பகுதி ஆண்களை வைத்தே நடந்திருக்கிறது, தானமாகக் கிடைத்த விளையாட்டு வீரர்களின் மூளைகளும் பெரும்பாலும் ஆண்களுடையவை. பணம் இல்லையா என்றால், லண்டன் ட்விக்கனத்தில் நடந்த 2025 இறுதிப்போட்டிக்கு 81,885 பேர் வந்தார்கள். அதில் இங்கிலாந்திடம் தோற்ற கனடா அணியோ, கோப்பைக்குத் தயாராகப் பொதுமக்களிடம் நிதி திரட்டியது. முழுநேரச் சம்பளம் பல வீராங்கனைகளுக்கு இன்னும் எட்டவில்லை. அவர்களுக்கு மூளையதிர்ச்சி என்றால் ஆட்டத்தோடு, பிழைப்புக்குப் பார்க்கும் வேலையும் போகலாம். 2014-இல் உலகக் கோப்பையை வென்ற இங்கிலாந்து அணியின் கேட் மெர்ச்சன்ட், அந்த ஆண்டே மூளையதிர்ச்சிகளால் ஓய்வுபெற்றார்.

24 மணி நேரத்தில் தெரியும் வீக்கத்தை 12 நிமிடத்தில் எப்படிப் பிடிப்பது என்று கேட்கலாம். அதனால்தான் உயர்நிலைப் போட்டிகளில் ஆட்டம் முடிந்ததும் ஒரு முறை, இரண்டு இரவுத் தூக்கத்துக்குப் பின் இன்னொரு முறை சோதிக்கிறார்கள். ஊர் கிளப்புகளில் இத்தனை மருத்துவர்களுக்கு எங்கே போவது? அங்கே விதி வேறு. சந்தேகம் வந்தாலே வெளியே அனுப்ப வேண்டும், அன்றைக்குத் திரும்ப இறக்கக் கூடாது.