சிலிக்கானுக்குத் தங்கம் ஏன் ஆகாது?

"என் சென்சாருக்கு 24 கேரட் தங்கம்தான் பூசப் போகிறேன். அதைப் போய் 'மாசு' என்று சொல்லி விண்ணப்பத்தைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். தங்கத்தைவிடச் சுத்தமான பொருள் எது?" என்று கேட்டிருக்கிறார் கோவையில் எம்.டெக். படிக்கும் வாசகி ஒருவர். ஒரு கல்வி நிறுவனத்தின் கிளீன் ரூமில் வேலை செய்ய அனுமதி கேட்டிருந்தார். சிலிக்கான் வேஃபரின் (சில்லுகள் செய்யும் மெல்லிய சிலிக்கான் தகடு) மேல் தங்கத்தில் மின்முனைகள் போடுவது, பிறகு உலையில் வைத்து ஆக்சைடு (மின்சாரம் கடத்தாத மெல்லிய படலம்) வளர்ப்பது. இதுதான் அவருடைய திட்டம்.

அவருடைய கோபம் எனக்குப் புரிகிறது. ஆனால் திருப்பி அனுப்பியவர்கள் செய்தது சரி.

கிளீன் ரூம் என்றதும் எல்லோருக்கும் தூசிதான் நினைவுக்கு வரும். 'கிளாஸ் 100' அறை என்றால், ஒரு கன அடிக் காற்றில் அரை மைக்ரானும் அதற்கு மேலும் உள்ள துகள்கள் நூறுக்கு மேல் இருக்கக் கூடாது. நம் வீட்டுக் காற்றில் அவை லட்சக்கணக்கில் மிதக்கும். தொப்பி, முகமூடி, முழு அங்கி எல்லாம் இந்தத் தூசிக்காகத்தான். அதற்கு வடிகட்டி இருக்கிறது. வடிகட்டியால் பிடிக்க முடியாத மாசு ஒன்று உண்டு. நாமே கையில் எடுத்துக்கொண்டு உள்ளே போகும் தனிமங்கள்தான் அது.

தங்கத்தின் கதையைக் கொஞ்சம் நிதானமாகவே சொல்கிறேன். இந்தத் துறையில் எனக்கு மிகவும் பிடித்த இயக்கம் இது.

சிலிக்கான் படிகத்தில் அணுக்கள் வரிசை பிசகாமல் அடுக்கப்பட்டிருக்கின்றன. அவற்றுக்கு நடுவே சந்துகள் உண்டு. போரான் மாதிரி நாம் வேண்டுமென்றே சேர்க்கும் அணுக்கள், படிகத்துக்குள் மிக மெதுவாகத்தான் ஊரும். 1000 டிகிரி செல்சியஸில் ஒரு மணி நேரம் வைத்தாலும் ஒரு மைக்ரானைத் தாண்டாது. தங்கம் அப்படியல்ல. அது சந்துகளுக்குள் புகுந்து ஓடும். ஓடிக்கொண்டே இருக்கும்போது ஏதோ ஓர் இடத்தில் ஒரு சிலிக்கான் அணுவை உதைத்து வெளியே தள்ளிவிட்டு, அதன் இருக்கையில் தான் உட்கார்ந்துகொள்ளும். 1980-இல் ஜெர்மனியைச் சேர்ந்த கோசலே, ஃபிராங்க், சீகர் ஆகிய மூவரும் தெளிவாக விளக்கியது இந்த 'உதைத்துத் தள்ளும்' முறையைத்தான்.

சரி, தள்ளப்பட்ட சிலிக்கான் அணு எங்கே போகும்? அது படிகத்தின் மேற்பரப்பை அடைந்தால்தான் அதற்கு விடுதலை. அதுவரை சந்துகளிலேயே அலையும். வாய்ப்புக் கிடைத்தால் தங்கத்தைத் தள்ளிவிட்டுப் பழைய இடத்தைப் பிடித்துக்கொள்ளும். வேஃபரின் நடுப்பகுதியில் இருந்து மேற்பரப்புக்கு வெகுதூரம். அதனால் அங்கே தங்கம் நிலையாக உட்காருவது கடினம். மேற்பரப்புக்குப் பக்கத்தில் சிலிக்கான் அணு எளிதாக வெளியேறிவிடும், தங்கம் அங்கே நிறையச் சேரும். விளைவு என்ன தெரியுமா? வேஃபரின் முதுகில் மட்டும் தங்கம் பூசி உலையில் வைத்தாலும், சில மணி நேரத்தில் அரை மில்லிமீட்டர் தடிமனைக் கடந்து, நடுவில் குறைவாகவும் இரண்டு முகங்களிலும் அதிகமாகவும் தங்கம் குவிந்திருக்கும். டிரான்சிஸ்டர்கள் இருப்பதும் அந்த முகங்களில் ஒன்றில்தான். இதை முதன்முதலாகப் படித்த அன்று அந்த வரைபடத்தை நெடுநேரம் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

உட்கார்ந்த தங்கம் என்ன கெடுதல் செய்கிறது? சிலிக்கானில் ஓர் எலக்ட்ரான் மேல் ஆற்றல் பட்டையிலிருந்து கீழ்ப் பட்டையில் காலியாக இருக்கும் துளையில் விழ, 1.12 எலக்ட்ரான்வோல்ட் இடைவெளியைக் கடக்க வேண்டும். அகலமான வாய்க்காலை ஒரே தாவலில் தாண்டுவது போல அது கடினம். தங்க அணுவின் ஆற்றல் நிலை கிட்டத்தட்ட சரிபாதியில் அமைகிறது. வாய்க்காலின் நடுவில் யாரோ ஒரு கல்லைப் போட்டுவிட்டது போல. ஒரு கால் கல்லில், மறு கால் அக்கரையில். எலக்ட்ரான்கள் சுலபமாகக் கடந்து துளைகளோடு சேர்ந்து மறைந்துவிடுகின்றன. நல்ல சிலிக்கானில் மில்லி நொடிக் கணக்கில் வாழும் இந்த மின்னூட்டங்களின் ஆயுள், மைக்ரோ நொடிக்கும் கீழே இறங்கிவிடும். இதே கல் வழியாக எதிர்த்திசையில் கசிவு மின்னோட்டமும் கிளம்பும். இத்தனைக்கும் 50 கோடி சிலிக்கான் அணுக்களுக்கு ஒரு தங்க அணு இருந்தால் போதும்.

தங்கம் சிலிக்கானுக்கு எப்போதுமே எதிரி என்றும் சொல்ல முடியாது. வேகமாக அணைந்து எரிய வேண்டிய பழைய டையோடுகளிலும், டிடிஎல் என்ற பழைய வகைக் கணினிச் சில்லுகளிலும் மின்னூட்டங்களைச் சட்டென்று காலி செய்வதற்காகவே அதைச் சேர்த்தார்கள். நாம் கேட்டுச் சேர்ப்பது வேறு, கேட்காமல் வந்து சேர்வது வேறு.

இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. தங்கம் உருக 1064 டிகிரி வேண்டும், சிலிக்கான் உருக 1414 டிகிரி வேண்டும். இரண்டும் ஒட்டிக்கொண்டிருந்தால் 363 டிகிரியிலேயே உருகிக் கலக்கத் தொடங்கிவிடும். ஆக்சைடு வளர்க்கும் உலை 900 டிகிரிக்கு மேல் ஓடுகிறது. குவார்ட்ஸ் குழாயிலும் வேஃபர் தாங்கியிலும் ஒரு தடவை தங்கம் ஒட்டிவிட்டால், அடுத்த மாதம் வரும் மாணவரின் டிரான்சிஸ்டர் காரணம் தெரியாமல் கசியும்.

தொழிற்சாலையில் ஒரே செய்முறை வருடக்கணக்கில் ஓடும். பல்கலைக்கழகத்தில் காலையில் உயிரியல் மாணவர், மதியம் மெம்ஸ் (நுண் இயந்திரங்கள்) மாணவர், இரவில் டிரான்சிஸ்டர் மாணவர். மூவருக்கும் கருவி ஒன்றே. அதனால்தான் ஸ்டான்ஃபோர்டு போன்ற இடங்களில் கருவிகளையே சுத்தம், பாதிச் சுத்தம், தங்கம் போகலாம் என்று பிரித்து வைத்தார்கள். அங்கே உலைகள் பல இருப்பதால் பிரிக்க முடிகிறது. ஒரே ஒரு உலை இருக்கும் இடத்தில் 'கூடாது' என்றுதான் சொல்ல முடியும். நம் நாட்டில் கருவி வாங்கப் பணம் கிடைத்துவிடுகிறது. பராமரிப்புக்கும், வாயுக்களுக்கும், அனுபவமுள்ள தொழில்நுட்பப் பணியாளர்களின் நிரந்தரச் சம்பளத்துக்கும் கிடைப்பதில்லை. இந்திய அறிவியல் கழகம், ஐஐடி மும்பை போன்றவை வெளிக் கல்லூரி மாணவர்களுக்கும் தங்கள் நானோ மையங்களைத் திறந்துவிட்டிருப்பது பெரிய விஷயம். அதே அளவு அக்கறை இரண்டாவது உலைக்கும் வர வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

தங்கம் மட்டுமல்ல. சோடியமும் பொட்டாசியமும் ஆக்சைடுக்குள் மின்புலத்தின் பின்னாலேயே நகரும், டிரான்சிஸ்டரின் திறப்பு வோல்டேஜை (அது மின்சாரத்தைக் கடத்தத் தொடங்கும் அளவை) நாளுக்கு நாள் மாற்றும். 1960-களின் தொடக்கத்தில் மாஸ் (உலோகம், ஆக்சைடு, குறைக்கடத்தி அடுக்குகளால் ஆன) டிரான்சிஸ்டர்களை நம்பகமற்றவையாக்கியது இதுதான். நம் வியர்வையில் சோடியம், சாம்பலில் பொட்டாசியம். ஆயுத பூஜைக்குக் கருவிகளுக்குத் திருநீறும் குங்குமமும் வைப்பது நம் ஊர் வழக்கம். கிளீன் ரூமுக்குள் அது வேண்டாம். வழிபட விரும்புபவர்கள் வாசலுக்கு வெளியே செய்யலாம். கருவிக்குத் திருநீறு வைத்தால் நன்றாக ஓடும் என்ற நம்பிக்கையை மட்டும் அந்த அறைக்குள் விடக் கூடாது.

இனி அந்த மாணவிக்கு. உங்கள் சென்சாரில் டிஎன்ஏ இழைகளைக் கந்தகத்தின் வழியே ஒட்ட வைக்கிறீர்கள். அதற்குத் தங்கம்தான் வேண்டும், அலுமினியம் போதாது. மாற்ற வேண்டியது பொருளை அல்ல, வரிசையை. உலை வேலை எல்லாம் முதலில். முடிந்தால் ஆக்சைடு வளர்த்த வேஃபரையே விலைக்கு வாங்குங்கள். டிரான்சிஸ்டரே இல்லை என்றால் கண்ணாடி வேஃபர் போதும். தங்கம் கடைசியில். நேராகப் பூசினால் ஆக்சைடு மேல் நிற்காது, உரிந்துவிடும். ஆக்சிஜனோடு சேராத உலோகத்துக்கு ஆக்சைடு மேல் பிடிப்பு எங்கிருந்து வரும்? அதனால் 5 முதல் 10 நானோமீட்டர் டைட்டானியம் அல்லது குரோமியம் அடியில் போடுங்கள். தங்கத்தை அமிலத்தால் அரிப்பதற்குப் பதில், போட்டோரெசிஸ்ட் (ஒளியால் வடிவம் பெறும் பூச்சு) மேல் பூசி அசிட்டோனில் கழற்றும் 'லிஃப்ட் ஆஃப்' முறையே போதும். மேலே காப்பு ஆக்சைடு வேண்டுமானால், தங்கம் அனுமதிக்கும் பிளாஸ்மா கருவியில் 300 டிகிரியில் படிய வைக்கலாம். அந்த 363-க்குக் கீழே இருக்கிறோம் அல்லவா?

விண்ணப்பத்தில் ஒவ்வொரு படியிலும் வேஃபரின் மேல் அப்போது என்னென்ன பொருள்கள் இருக்கின்றன என்று ஒரு பத்தி சேருங்கள். அவர்கள் முதலில் தேடுவது அதைத்தான். அப்புறம், தங்க வேஃபரைத் தொடும் இடுக்கி தனியாக இருக்கும் என்றும் எழுதிவிடுங்கள்.